கல்யாணக் காருக்கு எத்தனை இறாத்தல் காற்று

வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் பத்திரிகைக் கடையின் பலகைகளை அன்று நான் கழற்றவில்லை. கடைக்கு முன்னால் ஒரு பச்சைக் கார் நின்றது. இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய கார். மேலே மடித்துவைக்கும் துணிக் கூரை, சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பி வைத்த சக்கரங்கள், முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகள். அதன் பின்சக்கரத்தடியில் குந்தியிருந்தார் மரியதாஸ். பேனா மாதிரியான ஒரு பித்தளைக் கோலை டயரின் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன தாஸ், கிளம்பும்போதே பஞ்சரா?"

"இல்லண்ணே. டயரு குளிர்ந்து கெடக்கையிலதான் காத்துப் பாக்கணும். ஓடினப்புறம் பாத்தா அது பொய் சொல்லும். முன்னுக்குப் பதினெட்டு இறாத்தல், பின்னுக்கு இருபது. சரியா இருக்கு. ஏறுங்க."

இந்தக் கார் யாருடையது என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஐம்பதுகளில் கப்பலில் இறக்கிய கார் இது. மரியதாஸ் அந்தத் துரையின் சாரதி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை மூட்டை கட்டினார். காரைக் கொண்டுபோக வழியில்லை என்று சாரதிக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஒரு தகரக் கொட்டிலுக்குள் நின்றது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரோட்டுக்கு வரும்.

இப்போது எண்பத்தொன்றாம் ஆண்டு மார்ச் மாதம். மரியதாஸுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மாதக் கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தலைமன்னாருக்குக் கோச்சி ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போகவேண்டும். கப்பலில் வந்து இறங்கிய காருக்கு இந்த நாட்டுப் பதிவு இலக்கம் உண்டு. பசறையில் பிறந்த மரியதாஸுக்கு எந்தப் பதிவும் இல்லை. இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. கிழக்குக் கரையில் கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் நெல்லு ஸ்டோரும் லொறிகளும் வைத்திருக்கும் சீனிமுகம்மது முதலாளி போன மாதம் பதுளைக்கு வந்தபோது இந்தக் காரைக் கண்டார். மகளின் கல்யாணத்துக்கு வேண்டும் என்று விலைக்கே வாங்கப் பேசி முடித்தார். போகும்போது, "காரோட நீயும் வா. எனக்குச் சின்ன வாகனத்துக்கு ஒரு றைவர் வேணும். கல்யாணம் முடியட்டும். உன்னை எனக்குப் பிடிச்சா நீ நில்லு, ஸ்டோருக்குப் பின்னால அறையும் இரிக்கி" என்று சொல்லியிருந்தார். கோச்சிக்குப் போகாமல் வன்னியிலும் கிழக்கிலும் தங்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர். மரியதாஸும் அப்படித் தங்கலாம். அந்த முதலாளிக்குப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

"வழியில பேச்சுத் துணைக்கு நீங்க வாங்கண்ணே, எனக்குப் படபடங்குது" என்று அழைத்தார். பேச்சுத் துணைக்கு என்னை விட்டால் பதுளையில் வேறு ஆள் ஏது?

பசறை வரைக்கும் தேயிலைக்குள் வளைவு வளைவாக இறக்கம். கூரையை மடித்துவிட்டிருந்தோம். பனி மூக்கில் ஏறியது. நம்முடைய பஸ்களில் வளைவு வந்தால் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர் விழுவோம். இந்தக் கார் வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குக் காரணம் என்ஜின் இல்லையாம், டயராம். காற்று அளவாக இருந்தால் டயரின் அகலம் முழுக்க ரோட்டில் படியும். கூடினால் நடுக்கோடு மட்டும்தான் தொடும், வண்டி தவளை மாதிரித் துள்ளும். குறைந்தால் ஓரங்கள் தேய்ந்து ஸ்டியரிங் கனக்கும். "கைகுலுக்குற மாதிரிண்ணே. ரொம்ப இறுக்கியும் புடிக்கக் கூடாது, தளத்தியும் விடக்கூடாது" என்றார் மரியதாஸ்.

மொனராகலையில் ஒன்பது மணிக்கே வெயில் அடித்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்தோம், கோப்பை ஐம்பது சதம். கடைக்காரர் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மற்றப் பாதிக் கார் பின்னால வருதா?" என்று கேட்டார். நான் டயரில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. காற்றுக் கூடியிருக்குமே, கொஞ்சம் திறந்துவிடவா என்று கேட்டேன்.

"தொடாதீங்கண்ணே! சூட்டுல ஏறினது ஆறினா தானா இறங்கும். இப்ப விட்டீங்கன்னா நாளைக்குக் காலையில சப்பையா நிக்கும். குளிர்ல பாத்ததுதான் கணக்கு."

சியம்பலாண்டுவையிலிருந்து அம்பாறைக்குப் போகும் காட்டு ரோட்டில் ஒரு மணி நேரம் எதிரே எந்த வாகனத்தையும் நாங்கள் காணவில்லை. அம்பாறைக்கு வந்ததும் காட்சி மாறியது. அங்கிருந்து காரைதீவுச் சந்தி பதினான்கு மைல். சம்மாந்துறை, வீரமுனை எல்லாம் அந்த ரோட்டோரத்து ஊர்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால், அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் அறுவடை முடிந்த வயல். மழைக்காலத்து வெள்ளம் தாரின் ஓரங்களைக் கடித்துத் தின்றிருந்தது. கத்தி மாதிரி விளிம்புள்ள பள்ளங்கள். மரியதாஸ் அவற்றை ஒவ்வொன்றாக விலக்கி ஓட்டினார். கடல் நெருங்க நெருங்கத் தென்னைகள் தெரிந்தன. பாதிக்குத் தலை இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி திருகி எறிந்த மரங்கள், இன்னும் கம்பம் கம்பமாக நிற்கின்றன. மலைநாட்டில் பேப்பரில் வாசித்த செய்திதான். நேரில் பார்க்கும்போது கழுத்தில் கை போனது.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சாய்ந்தமருது. நெல்லு ஸ்டோரின் வாசலில் நாங்கள் இறங்கியபோது உள்ளே கொலை விழப்போகிறது என்றே நினைத்தேன். வெள்ளைச் சாரனும் பனியனுமாக ஒரு பெரிய மனிதர் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு முகத்துக்கு நேரே ஓர் ஒல்லி மனிதர் அதைவிடப் பலமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"நூறு மூட்டை ஏத்து எண்டா ஏத்து! லொறி என்டயா உன்டயா?"

"லொறி உங்கட. கழுத்து என்ட! பாலத்துல அச்சு முறிஞ்சா நீங்களா வந்து சுமக்கப் போற? எண்பதுக்கு மேல ஒரு மூட்டை ஏத்தினா நான் இப்பவே வீட்ட போறன்!"

"போ! போய்த் தொலை!"

"போறன்! இன்னா போறன்!"

ஒல்லி மனிதர் போகவில்லை. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து, "சரி, எண்பதை ஏத்து. டேய், ரெண்டு தேத்தண்ணி கொண்டு வாங்க" என்றார். இருவரும் ஒரே பெஞ்சில் இருந்து தேநீர் குடித்தார்கள். பெரியவர்தான் சீனிமுகம்மது முதலாளி. ஒல்லி மனிதர் அவருடைய லொறிச் சாரதி இஸ்மாலெவ்வை. பதினான்கு வருடமாக அவரிடம் வேலை செய்கிறவர்.

மரியதாஸ் எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, "பயங்கரமான ஆளா இருக்காருண்ணே" என்று முணுமுணுத்தார்.

அப்படிச் சொல்ல முடியாது. எங்களைக் கண்டதும் முதலாளியின் முகம் விரிந்துவிட்டது. "வாங்க, வாங்க! சந்தியில கண்டவங்க ஓடிவந்து சொல்லிப் போட்டாங்க, பச்சைக் கிளி வந்திட்டு எண்டு. மாஷா அல்லாஹ்!" உள்ளே கூட்டிப்போய் இருத்தி, இறால் குழம்பும் எருமைத் தயிருமாகச் சாப்பாடு போட்டார். திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல், "அந்த மலைநாட்டுத் தம்பிமாருக்கு இன்னும் சோறு வைக்கச் சொல்லுங்க. குளிர்ல இரிக்கிற ஆக்கள், நல்லாத் தின்னுவாங்க" என்றது. முதலாளியின் மனைவி. ஊரே ராத்தா என்று கூப்பிடுகிறது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மாலையில் ராத்தாவே வந்து ஸ்டோருக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்து காட்டினார். ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, வாசலில் கிணறு. "உங்கட புள்ளைகள் ரெண்டும் படிக்கிதா? கூட்டி வாங்க. பள்ளிக்கூடம் அந்தா மதிலுக்கு அங்கால. கிணத்துல நல்ல தண்ணி, உப்பில்ல." மரியதாஸின் கண் அறையை அளந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு இந்த மூலை, பிள்ளைகளுக்கு அந்தச் சுவரோரம். தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் அவருக்கு இருந்தது இதில் பாதி. கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை. இந்தப் பகுதி முஸ்லிம் ஊர்களில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழவேண்டும். ஆகவே அவரைப் போய் அழைத்து வருவது பெண் வீட்டாரின் பொறுப்பு; எந்த வாகனத்தில் அழைத்து வந்தார்கள் என்று ஊர் வருடக்கணக்காகப் பேசும். மாப்பிள்ளை சம்மாந்துறையில் வாத்தியார். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் போய்க் கூட்டி வருவதென்று ஏற்பாடு.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே மரியதாஸ் கோலை வைத்துப் பார்த்துவிட்டார். பதினெட்டு, இருபது. பிறகு நாங்கள் இருவரும் ஊர் பார்க்கப் போனோம். கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கல்முனைச் சந்தையில் மருதமுனைச் சாரன் ஒன்று நான் வாங்கினேன். பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டுவந்த பெண்ணும் கல்முனைக்குடிக் கடைக்காரரும் பேரம் பேசுவதைப் பார்த்தபடி கால்மணி நேரம் நின்றேன். "இந்த மீனுக்கு இந்த விலையா? கடலையும் சேத்துத் தாறியா?" என்று அவர் கேட்க, "கடல் உங்கட வாசல்லதானே கிடக்கு காக்கா, போய் அள்ளுங்க!" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் என்பதற்கு அங்கே காக்கா. இருவருக்கும் கோபமில்லை. இந்தக் கரையில் மனிதர்கள் கத்தித்தான் கதைக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மரியதாஸ் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரத்தில் ஸ்டோருக்குத் திரும்பினோம். காரைக் கழுவித் துடைத்து, முகத்தில் சரிகை மாலை போட்டிருந்தார்கள். மரியதாஸ் சிரித்துக்கொண்டே கிட்டப் போனவர் நின்றுவிட்டார். டயர்கள் நான்கும் உருண்டு திரண்டு, நுனிக்காலில் நிற்கிற மாதிரி நின்றன.

இஸ்மாலெவ்வை பெருமையோடு வந்தார். கையில் லொறி டயர் கழற்றும் இரும்பு. ஒரு டயரில் ஓங்கித் தட்டினார், டங்கென்றது. "கேட்டீங்களா? மணி மாதிரி! என்ன தம்பி, விருந்துக்கு வந்த வாகனத்தைக் காத்தில்லாமப் படுக்க வைக்கலாமா? மானக்கேடு இல்லையா எங்களுக்கு? எங்கட மெசின்ல நானே அடிச்ச."

அவர்கள் ஊரில் தட்டிப் பார்ப்பதுதான் அளவு. நெல் மூட்டை சுமக்கிற டயர் டங்கென்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் காற்றுப் போதாது. விருந்தாளிக்குத் தலைக்கு எண்ணெய் கொடுக்கிற மாதிரி, காருக்குக் காற்றுக் கொடுத்திருந்தார்கள். மரியதாஸ் கோலை வைத்தார். உள்ளிருந்த அளவுக்குச்சி நாற்பதைத் தாண்டி வெளியே வந்தது.

அவர் டயரின் வாயைத் திறந்தார். காற்றுச் சீறியது.

"என்னடா செய்யிறாய்!" பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் திரும்பிய முதலாளி முற்றத்தில் நின்றார். பின்னால் பெண் வீட்டுச் சொந்தங்கள் பத்துப் பதினைந்து பேர். "கல்யாணக் காருல காத்தைப் புடுங்கிறியா?"

மரியதாஸ் எழுந்து நின்றார். "முதலாளி, இது லொறி டயரு இல்லீங்க. மெல்லிசு. பழசு வேற, கொட்டில்ல நின்னு பக்கமெல்லாம் வெடிச்சிருக்கு. காத்துக் கூடிப்போனா பள்ளத்துல விழுறப்ப அமுங்காது, உள்ள இருக்கிற நூலு அறுந்துபோகும். பதினெட்டு, இருபதுதான் கணக்கு."

"அது துரையும் துரைசாணியும் போற கணக்கு! இஞ்ச காருல ரெண்டு பேர் போற வழக்கம் இரிக்கா? மாப்பிள்ளை இரிக்கார், தோழன் இரிக்கான், பின்னால என்ட மருமக்கள் ரெண்டு பேர் ஏறுவாங்க. உன்னோட அஞ்சு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மரியதாஸுக்கும் பட்டிருக்கவேண்டும். "அப்படின்னா பின்னுக்கு இருபத்தாறு வைக்கலாங்க. முன்னுக்கு இருபத்திரண்டு. அதுக்கு மேல வேணாங்க" என்றார்.

நல்ல முடிவு அது. பழைய கணக்கை விட்டு, இந்த ஊருக்கு ஏற்ற புதுக் கணக்கு. அந்த இடத்தில் நின்றிருந்தால் போதும். ஆனால் முதலாளி தன் வழக்கப்படி இன்னொரு படி மேலே ஏறினார்.

"இருபத்தாறா? என்ட சைக்கிளுக்கு அதவிடக் கூட அடிப்பன்! ஊரே ரெண்டு பக்கமும் பாத்திட்டு நிக்கும். டயர் சப்பையாத் தெரிஞ்சா, சீனிமுகம்மதுக்குக் காத்தடிக்கவும் வக்கில்லையா எண்டு கேப்பாங்க! கையை எடு!"

இஸ்மாலெவ்வை மரியதாஸின் முகத்தைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். இரண்டு பேரும் எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது.

"சரிங்க முதலாளி" என்று மரியதாஸ் டயரின் வாயை மூடினார்.

தனியாக இருந்தபோது கேட்டேன், ஏன் விட்டுவிட்டாய் என்று. "கத்துறாரேண்ணே. இருக்க இடம் குடுக்கிற மனுசன்கிட்ட மல்லுக்கட்ட முடியுமா? அந்த ரூமைப் பாத்தீங்கல்ல. மெதுவா ஓட்டிக்கிறேன். நாலு மைலுதானே, பள்ளத்தை வெலக்கிப் போயிருவேன்."

அஸருக்குப் பிறகு புறப்பட்டோம். மரியதாஸ் பச்சைக் காரில். நான் பின்னால் முதலாளியின் வான் வண்டியில், இஸ்மாலெவ்வைக்குப் பக்கத்து இருக்கையில். போகும்போது கார் வெறுமையாகப் போனது. சிறு கல்லுக்கெல்லாம் துள்ளியது. "பாருங்க, என்ன துள்ளல்! கண்டுக்குட்டி மாதிரி!" என்று இஸ்மாலெவ்வை சந்தோஷப்பட்டார்.

சம்மாந்துறையில் மாப்பிள்ளை ஏறினார். வெள்ளைக் கோட்டு, தொப்பி, கழுத்து நிறைய மாலை. தோழன் அவர் பக்கத்தில் நெருக்கினான். இரண்டு இளைஞர்கள் மடித்த கூரைத்துணியின் மேல் உட்கார்ந்தார்கள். றபான் மேளம் அடித்தார்கள், வெடி கொளுத்தினார்கள். சாய்ந்த வெயில் தாரை இன்னும் விட்டபாடில்லை. திரும்பி வரும் வழியில், வீரமுனை தாண்டி ரோட்டின் ஒரு பக்கத்தில் வெடி பார்க்க வந்த சனம் நின்றது. அவர்களுக்கு வழிவிட மரியதாஸ் இடப்பக்கம் ஒதுங்கினார். பின்சக்கரம் தாரின் கடித்த விளிம்பில் ஏறியது.

நான் அதை வெடிச் சத்தம் என்றே நினைத்தேன். கார் வாலைத் திருப்பியது. மரியதாஸ் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை மட்டும் பிடித்து அதை ஆற்றப் பார்த்தார். ஆனாலும் அது மெல்லச் சரிந்து, மூக்கை வாய்க்காலுக்குள் விட்டுக்கொண்டு நின்றது. கூரைத்துணியில் இருந்த இருவரும் தண்ணீருக்குள். மாப்பிள்ளை மடியளவு சேற்றில்.

யாருக்கும் காயமில்லை. அதற்கு மரியதாஸின் கைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்வேன். மாப்பிள்ளை வாத்தியார் நல்ல மனிதர். எழுந்து தொப்பியைப் பிழிந்துகொண்டே, "எனக்கு இனி ரெண்டாம் தரம் குளிக்கத் தேவையில்ல" என்றார். வீரமுனையிலிருந்து ஒருவர் ட்ராக்டரைக் கொண்டுவந்து காரை இழுத்துவிட்டார். கூலி கேட்கவில்லை, "கல்யாணக் காரியம், பிந்தப்படாது, போங்க" என்றார். மாப்பிள்ளை யாருடையதோ ஒரு கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வான் வண்டியில் வந்து இறங்கினார். ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. சஹன் என்னும் பெரிய தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். எங்களையும் இழுத்து உட்காரவைத்தார்கள். சாப்பாடு கலைந்ததும் முதலாளி வந்தார். நான் எதிர்பார்த்தது கத்தலை. அவர் கத்தவில்லை.

"தம்பி, டயர் வெடிக்கும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க முதலாளி."

"மறுகா ஏன் ஓட்டின?"

"நீங்க சொன்னீங்க."

"நான் சொல்லுவன்! நான் நெல்லு யாவாரி, எனக்கு அந்தக் காரைப் பற்றி என்ன தெரியும்? நான் கத்தினா நீயும் கத்தியிருக்க வேணும். இந்த இஸ்மாலெவ்வை பதினாலு வருசமா எனக்கிட்டக் கத்துறான், அதாலதான் என்ட லொறி ரோட்டுல ஓடுது. நீ இருபத்தாறு எண்டாய். நான் இன்னொருக்காக் கத்தின உடனே சரி எண்டுட்டாய். அந்தக் காருல என்ட மகள்ட வாழ்க்கையெல்லோ இருந்திச்சு?"

மரியதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புங்க முதலாளி. மன்னிச்சிருங்க."

"பாத்தியா! இப்பவும்!" முதலாளி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அந்தக் கண்ணில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் கூட இருந்தது. "காத்து அடிச்சது என்ட ஆள். கையை எடு எண்டது நான். அதைச் சொல்லக்கூட இவருக்கு வாயில்ல. இப்பிடி ஒராள் ஓட்டுற வாகனத்துல என்ட புள்ளைகளை நான் எப்பிடி ஏத்துற?" சற்று நின்றார். "நீ ஊருக்குப் போ தம்பி."

நான் இடையில் விழுந்து பேசினேன். எவ்வளவோ பேசினேன். என்னோடு முதலாளி தாராளமாக வாதாடினார், இரண்டு தடவை தேநீரும் வந்தது. ஆனால் அது என் வழக்கு இல்லையே.

சனிக்கிழமை, காலை ஏழு மணி, கல்முனை பஸ் நிலையம். அம்பாறைக்கு டிக்கட் நாலு ரூபாய். பஸ் புறப்படக் காத்திருந்தபோது இஸ்மாலெவ்வை சைக்கிளில் வேர்க்க வேர்க்க வந்தார். ராத்தா கட்டிக்கொடுத்த வட்டிலப்பத்தையும் ரொட்டியையும் மரியதாஸின் மடியில் வைத்தார்.

"தம்பி, இறங்கி வா. முதலாளி சுபஹுத் தொழுதிட்டு வந்து முற்றத்துல நடக்கிறார், நடக்கிறார். ஒருத்தரோடையும் கதையில்ல. இப்ப போய்க் கத்து. 'கையை எடு எண்டது நீங்க, என்னை ஏன் ஏசுற?' எண்டு கேள். நாலு வார்த்தை கத்து, அஞ்சாம் வார்த்தைக்கு அவர் தேத்தண்ணி சொல்லுவார். நான் எத்தனை தரம் வேலைய விட்டிட்டுப் போன ஆள் தெரியுமா? அறையைக் கூட்டச் சொல்லி ராத்தா விடியவே ஆளை விட்டிட்டா."

மரியதாஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு அது வராதுங்க காக்கா."

"என்ன வராது? வாய் இரிக்கிதானே!"

"இருக்குங்க."

"மறுகா?"

இஸ்மாலெவ்வை என்னைப் பார்த்தார். நான் மரியதாஸின் தோளைப் பிடித்து அசைத்தேன், "இறங்கு தாஸ், நானும் வாறேன், நீ வாயைத் திறந்தால் போதும்" என்றேன். அவர் பாதி எழுந்தார். உண்மையாகவே எழுந்தார். ஒரு கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. அந்த நேரம் கொண்டக்டர், "இரிங்க, இரிங்க, பஸ் வெளிக்கிடுது!" என்று அதட்டினார். மரியதாஸ் உட்கார்ந்துவிட்டார்.

சைக்கிளைப் பிடித்தபடி இஸ்மாலெவ்வை கொண்டக்டரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். பஸ் திரும்பும் வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

பதுளையில் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், கல்முனைக் கரை எப்படி என்று. நல்ல ஊர்கள். போனால் சாப்பாடு போடாமல் விடமாட்டார்கள். ஒன்று மட்டும் போகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும்: அங்கே ஒருவர் கத்தினால் அது கட்டளை இல்லை, உங்கள் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். நம்முடைய மலையில் அப்படியா? விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஒருவர் மட்டும் கத்துவார், மற்ற எல்லாரும் தலையைக் குனிந்து மலைக்குப் போவார்கள். என் பெட்டிக்கடையில் இருந்துகொண்டு வாய் வளர்த்த எனக்கு அது சுலபமாக விளங்குகிறது. முப்பத்தெட்டு வருடம் அந்தக் களத்தில் வளர்ந்த மனிதருக்கு ஒரு வெள்ளிக்கிழமையில் யார் அதை விளங்கவைப்பது? முதலாளியை ஏச எனக்கு ஆசைதான். ஏசுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

அம்பாறையில் மொனராகலை பஸ்ஸுக்கு மாறினோம். யன்னலோரத்தில் இரண்டு இடம் பிடித்து உட்கார்ந்தோம். புறப்படும் நேரத்தில் ஒருவர் ஏறிவந்து மரியதாஸிடம், தான் கைலேஞ்சித் துணி போட்டுப் பிடித்து வைத்த இடம் அது என்றார். அங்கே கைலேஞ்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள்தான் முதலில் ஏறியவர்கள். எனக்கு இரண்டு நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. சாய்ந்தமருதில் கேட்டதுபோலவே தொண்டை கிழியக் கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர்கூடத் தயங்கி ஓரடி பின்னால் போனார்.

மரியதாஸ் அதற்குள் எழுந்து நின்றிருந்தார். பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணே" என்றார். "மொனராகலை வரைக்குந்தானே."